இவானும் அருளப்பனும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் ஐயா. எங்களுக்கு ஆண் குழந்தை பிறந்து மூன்று வாரம் ஆகிறது. நானும் என் கணவரும் இவான் என்று பெயர் வைக்க முடிவு செய்துவிட்டோம். சின்னப் பெயர், மலாய்க்காரர் சீனர் எல்லார் வாயிலும் நுழையும். ஆனால் மாமியார் ஒரே பிடியாக நிற்கிறார். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டுமாம். மாமனார் பெயர் அருளப்பன், தவறி நான்கு வருடம் ஆகிறது. "ருஷ்யாக்காரன் பெயரை என் பேரனுக்கு வைக்காதே" என்று அழுகிறார். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அருளப்பன் என்று வைத்தால் பள்ளிக்கூடத்தில் கேலி செய்ய மாட்டார்களா? பாதிரியாரைக் கேட்டால், வீட்டிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள் என்று சிரிக்கிறார். நீங்களாவது சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், செந்தூல்

பதில்: பாதிரியார் ஏன் சிரித்தார் என்று எனக்குத் தெரிகிறது. நீங்களும் உங்கள் மாமியாரும் ஒரே பெயருக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். இவான் என்றாலும் அருளப்பன்தான், அருளப்பன் என்றாலும் இவான்தான்.

மூலம் எபிரேய மொழி. அதில் யோஹனான் என்று ஒரு பெயர். யோ என்பது கடவுளின் பெயராகிய யாவே என்பதன் சுருக்கம், ஹனான் என்றால் அருள் செய்தார், இரங்கினார். ஆண்டவர் அருள் செய்தார் என்று ஒரு முழு வாக்கியமே பெயராக நிற்கிறது. இது கிரேக்கத்துக்குப் போனது. அங்கே சொல்லுக்கு நடுவில் ஹ என்ற ஒலியை எழுத எழுத்தே கிடையாது, அதனால் அது உதிர்ந்து, ஆண்பால் பெயர்களுக்கு ஒட்டும் ஸ் கடைசியில் வந்து சேர்ந்து, யோவான்னெஸ் ஆயிற்று. அதைத்தான் லத்தீன் வாங்கிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஊர்க்காரனும் அவனவன் நாக்குக்கு ஏற்றபடி கடித்துத் தின்றான். பிரெஞ்சுக்காரன் ழான் என்று அரை வாயில் முடித்துக்கொண்டான், ஸ்பானியன் ஹுவான் என்கிறான், இத்தாலியன் ஜொவான்னி, ஜெர்மன்காரன் யோஹான், அதையும் வெட்டிச் செல்லமாக ஹான்ஸ். ஹாலந்திலும் போலந்திலும் யான். ஹங்கேரியில் யானோஷ். அயர்லாந்தில் ஷான், ஸ்காட்லாந்தில் இயான், வேல்ஸ் நாட்டில் எவன் (ஆமாம், எவன்தான். தமிழ்ப்பள்ளியில் பெயர் கூப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்). ஆங்கிலத்தில் ஜான். ருஷ்யாவில் கோயில் வழக்கில் இயோஆன், வீட்டு வழக்கில் இவான். அந்த வீட்டு வழக்குதான் இப்போது உங்கள் தொட்டிலுக்கு வந்திருக்கிறது.

இத்தனை பேரும் ஓசையைப் பிடித்துக்கொண்டு பொருளை விட்டார்கள். தமிழில் வேறொன்று நடந்தது. பழைய கத்தோலிக்கக் குருமார் பல பெயர்களில் ஓசையை விட்டுவிட்டுப் பொருளைத் தூக்கி வந்தார்கள். யோஹனானில் இருக்கிற அருளை எடுத்து, மரியாதைக்கு அப்பர் சேர்த்து, அருளப்பர் என்றார்கள். சின்னப்பர் என்று ஒரு பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள், அது பவுல். லத்தீனில் பவுலுஸ் என்றால் சிறியவன், அதனால் சின்னப்பர். பெஸ்கி பாதிரியாருடைய பெயர் கொன்ஸ்தான்சோ, அசையாத உறுதி உள்ளவன் என்று பொருள், அவர் தமிழில் தைரியநாதர் ஆனார், வீரமாமுனிவர் என்று பெயர் வந்தது அதற்குப் பிறகு. 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற தேவசகாயம் பிள்ளைக்கு வைத்த பெயர் லாசர். அதன் எபிரேய மூலம் எலெயாசார், கடவுள் உதவினார் என்று பொருள், தமிழில் தேவசகாயம். 2022-ல் ரோமில் புனிதர் பட்டம் கொடுத்தபோது இந்தத் தமிழ்ப் பெயரையும் வாய் நிறையச் சொன்னார்கள். ஓரியூரில் 1693-ல் தலை வெட்டப்பட்ட அருளானந்தர் லிஸ்பனில் பிறந்த போர்த்துக்கீசியர், பிறந்த வீட்டுப் பெயர் ஜொவாவ், அதுவும் ஜான்தான். அருள் அங்கேயும் வந்துவிட்டது பாருங்கள். ஆகவே உலகத்தில் இத்தனை வகை ஜான்களில், அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டவுடன் விளங்குகிற பெயர் உங்கள் மாமனாருடையதுதான். மற்றவை எல்லாம் வெறும் சத்தமாகிவிட்டன. எனக்கு இதில் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். எபிரேயத்தில் இருந்த யாவே தமிழில் காணாமல் போனார், அவர் இடத்தில் அப்பர் வந்து உட்கார்ந்துகொண்டார். பரவாயில்லை.

1995-ல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பில் யோவான் என்று போட்ட பிறகு, கோயிலில் அருளப்பர் என்ற பெயர் மெல்ல ஒதுங்கிவிட்டது. என் அம்மா கடைசி வரை ஸ்நாபக அருளப்பர் என்றே சொன்னார், திருமுழுக்கு யோவான் என்று நாங்கள் சொன்னால் அது யாரு புதுசா என்பார். உங்கள் மாமியாருக்கும் அந்த வயதுதான் இருக்கும்.

அவரிடம் இன்னொன்று சொல்லுங்கள். ஸ்நாபக அருளப்பருக்கு இந்தப் பெயர் வைக்கும்போதே வீட்டில் பெயர்ச் சண்டைதான். லூக்கா முதல் அதிகாரம். கிழவர் சக்கரியாவுக்குப் பேச்சு போய்விட்டது, எலிசபெத்துக்கு அந்த வயதில் பிள்ளை பிறக்கிறது, எட்டாம் நாள் சொந்தபந்தம் கூடி அப்பா பெயரையே வைக்கப் பார்க்கிறார்கள். தாய்க்காரி முடியாது, யோவான் என்கிறாள். உன் சொந்தத்தில் இந்தப் பெயர் யாருக்கும் இல்லையே என்று அவர்கள் மடக்குகிறார்கள். கடைசியில் கிழவர் எழுதுபலகை கேட்டு வாங்கி, இவன் பெயர் யோவான் என்று எழுதிக் காட்டுகிறார். எல்லாரும் வியந்துபோனார்கள், கிழவருக்குப் பேச்சும் திரும்பி வந்துவிட்டது. ஆக, வழிவழியாக வராத பெயர் என்று சண்டை பிடிக்கப்பட்ட ஒரு பெயர், இரண்டாயிரம் வருடம் கழித்துச் செந்தூலில் வழிவழிப் பெயராகி மறுபடி சண்டைக்கு வந்திருக்கிறது.

இதெல்லாம் சரி, ஆனால் அகராதியைக் காட்டி மாமியாரை ஜெயித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவர் பொருள் கேட்கவில்லை. பெயரன் என்பதுதான் பேரன் ஆயிற்று, பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் என்று சொல்லிலேயே இருக்கிறது. அவர் தலைமுறைப் பெண்கள் புருஷன் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். என் பாட்டிக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புருஷன் பெயர் என்ன என்று கேட்டால், பக்கத்தில் நிற்கிற பிள்ளையைப் பார்த்து நீ சொல்லுடா என்பார். உங்கள் மாமியார் நாற்பது ஐம்பது வருடம் வாய்விட்டுச் சொல்லாத ஒரு பெயரை இனி நாள் முழுக்கக் கூப்பிடலாம் என்று ஆசைப்படுகிறாரோ என்னவோ.

அதோடு நம் மலேசிய நாட்டுச் சங்கதி ஒன்று இருக்கிறது, இதை யாரும் யோசிப்பதில்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஐ.சி. என்கிற அடையாள அட்டையில் பிள்ளை பெயர், பிறகு ஏ.எல். (மகன்) அல்லது ஏ.பி. (மகள்), பிறகு அப்பா பெயர், அவ்வளவுதான். உங்கள் கணவர் ஐ.சி.யில் அருளப்பன் இருக்கிறார். உங்கள் மகன் ஐ.சி.யில் உங்கள் கணவர் இருப்பார், அருளப்பன் இருக்க மாட்டார். வெள்ளைக்காரனுக்கு ஒரு ஜான் செத்தால் ஜான்சன் என்று முந்நூறு வருடம் வாலில் ஓடிக்கொண்டே இருக்கும், நமக்கு மூன்றாவது தலைமுறையில் பேப்பரிலிருந்து தாத்தா கழன்றுவிடுவார். பேரனுக்குப் பெயர் வைத்தால் தவிர. கிழவி அழுவது வீண் அழுகை இல்லை.

அதனால் என் யோசனை: பிறப்புப் பத்திரத்தில் இவான் அருளப்பன் என்று இரண்டையும் சேர்த்துப் பிள்ளையின் பெயராகவே எழுதுங்கள், அதற்குப் பிறகு ஏ.எல். வரட்டும். பொருளைப் பார்த்தால் ஜான் ஜான் என்று வரும், வந்தால் என்ன. வெளியில் இவான், பாட்டி மடியில் அருளப்பன். கேலிக்குப் பயப்படாதீர்கள், பிள்ளைகள் எந்தப் பெயரையும் விட்டுவைப்பதில்லை, இவன் யாரு, இவான் யாரு என்று அதையும் இழுப்பார்கள். எழுத்தை மட்டும் கவுண்டரை விட்டு நகரும் முன் இரண்டு தரம் படித்துப் பாருங்கள். என் அப்பா பெயரில் ஒரு ரோமன் எழுத்தை ஏதோ ஒரு தோட்டத்துக் கிராணி விழுங்கிவிட்டார், அந்த ஓர் எழுத்துக்காக இ.பி.எஃப். சேமநிதிப் பணம் எடுக்க நாங்கள் நடந்த நடை எங்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: என் மகன் பள்ளிப் போட்டிகளில் வாங்கிய கோப்பைகளில் எல்லாம் ஜோஹான் என்று இருக்கிறது, முதல் பரிசு என்று அர்த்தம். என்னோடு வேலை செய்யும் மலாய்க்கார நண்பர் பெயரும் ஜோஹான். இதுவும் ஜான் குடும்பமா?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: இல்லை. காதுக்கு ஒன்று, வேர் வேறு. மலாய் ஜோஹான் பாரசீக ஜஹானிலிருந்து வந்தது, உலகம் என்று பொருள். ஷாஜஹான், நூர்ஜஹான் என்கிறோமே, அதே ஜஹான். பாரசீகத்தில் பெரிய மாவீரனை ஜஹான் பஹ்லவான் என்பார்கள், உலக வீரன், ருஸ்தமுக்கு அந்தப் பட்டம் உண்டு. அது மலாய்க்கு வந்து ஜோஹான் பஹ்லாவான் ஆகி, பிறகு ஜோஹான் தனியாகக் கழன்று, வீரன், வென்றவன் என்ற பொருளில் நின்றுவிட்டது. சுமத்ராத் தீவின் அச்சேயை 1607 முதல் 1636 வரை ஆண்ட சுல்தான் இஸ்கந்தர் மூடாவின் பட்டங்களில் ஜோஹான் பெர்டவுலாட் என்று ஒன்று. பிற்காலத்தில் அதே அச்சேயில் தெயுக்கு உமார் என்ற தலைவருக்கு டச்சுக்காரர்களே ஜோஹான் பஹ்லாவான் என்று பட்டம் கொடுத்தார்கள், அவர் அந்தப் பட்டத்தையும் துப்பாக்கிகளையும் வாங்கிக்கொண்டு இரண்டு மூன்று வருடத்தில் டச்சுக்காரர்கள் மீதே திரும்பினார். நல்ல ஜோஹான்!

இதில் குழப்பம் எங்கே வருகிறது என்றால், ஹாலந்து, ஸ்வீடன் பக்கமும் ஜோஹான் என்றே எழுதுவார்கள், யோஹான் என்று படிப்பார்கள், அது அசல் ஜான். காற்பந்தாட்டக்காரர் க்ரைஃப் அந்த ரகம். உங்கள் நண்பருடைய பெயர் பெரும்பாலும் பாரசீக ரகமாகத்தான் இருக்கும், எதற்கும் அவர் அம்மாவைக் கேளுங்கள்.

பினாங்கில் இருக்கிறீர்கள், ஒரு நாள் சாயங்காலம் லெபோ அச்சே பக்கம் போய், அங்கிருந்து லெபோ ஆர்மேனியனுக்குத் திரும்புங்கள், இரண்டும் ஒட்டிய தெருக்கள். ஆர்மேனியர்களுக்கு ஜான் என்பது ஹொவான்னெஸ். ஒரு முக்குத் திரும்புவதற்குள் பாரசீக ஜோஹானிலிருந்து எபிரேய யோஹனானுக்கு வந்துவிடலாம். போகிற வழியில் செண்டோல் கிடைக்கும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். என் பாட்டனார் பெயர் எஹியா, அவருடைய அப்பா ஜக்கரியா. கிறிஸ்தவ நண்பர் ஒருவர் உங்கள் தாத்தாவும் ஜான்தான் என்கிறார். உண்மையா?
– வாசகர், ஜார்ஜ்டவுன்

பதில்: வ அலைக்கும் ஸலாம். ஆள் ஒருவர்தான், சொல்தான் வேறு என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள். குர்ஆன் சொல்லும் யஹ்யா நபியும் ஜக்கரியா நபியின் மகன்தான், முதிய வயதில் பிறந்த பிள்ளைதான். ஆனால் அரபுக் கிறிஸ்தவர்கள் அவரை யூஹன்னா என்கிறார்கள், அதில் எபிரேய ஓசை அப்படியே இருக்கிறது. யஹ்யா என்ற சொல்லை அரபுக் காதோடு கேட்டால் வாழ்கிறார் என்று பொருள் வரும், ஹயாத் என்கிறோமே, அந்த வேர். பிள்ளை பெறாத வயிறு உயிர் பெற்றதால் இந்தப் பெயர் என்று குர்ஆன் விரிவுரையாளர்கள் சொல்வதுண்டு.

எனக்கு இதில் பிடித்தது வேறு. மர்யம் அத்தியாயத்தில், இந்தப் பெயரை இதற்கு முன் யாருக்கும் கொடுக்கவில்லை என்று வருகிறது. லூக்காவில் சொந்தக்காரர்கள் குறையாகச் சொன்னதை இங்கே இறைவன் சிறப்பாகச் சொல்கிறான். கொஞ்சம் தள்ளி அதே அத்தியாயத்தின் 13-ஆம் வசனத்தில், யஹ்யாவுக்கு நம்மிடமிருந்து ஹனானைக் கொடுத்தோம் என்று வருகிறது. ஹனான் என்றால் இரக்கம், கனிவு. எபிரேயப் பெயரில் இருந்த அதே ஹனான்! பெயரிலிருந்து போன சொல் வசனத்துக்குள் வந்து நிற்கிறது. டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலுக்குள் அவருக்கு ஓர் அடக்க இடம் உண்டு, முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் வந்து பார்க்கிறார்கள், அந்த இடத்தில் முன்பு இருந்தது அவர் பெயரிலான தேவாலயம்.

ஆகவே உங்கள் பாட்டனார் ஜான் இல்லை, எஹியாதான். ஆனால் செந்தூல் அருளப்பனுக்கும் அவருக்கும் பெயர் வந்தது ஒரே ஆளிடமிருந்து.

கேள்வி: பெண் பிள்ளைக்கு இந்தப் பெயர் இல்லையா? ஆண் பிள்ளைக்கு மட்டும் உலகம் முழுக்க வைத்திருக்கிறார்களே!
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

பதில்: நிறைய இருக்கிறது. லூக்காவிலேயே யோவன்னா என்று ஒரு பெண் வருகிறாள், ஏரோதின் அரண்மனை அதிகாரியின் மனைவி. அதிலிருந்து ஜோன், ஜேன், ஜீன், ஜேனட், ஜொவான்னா, ஹுவானா, இவானா, அயர்லாந்துப் பக்கம் ஷினேட். தமிழில் அருளம்மாள், இப்போது வைக்க யாருக்கும் மனசில்லை.

ஆனால் உங்கள் ஊரில் இருந்துகொண்டு நீங்கள் இப்படிக் கேட்கலாமா? ஜூலை மாதம் நாடு முழுக்க பஸ் பிடித்து உங்கள் ஊருக்கு வருவது யாரைப் பார்க்க? மரியாளின் தாய் அன்னம்மாளை. அன்னா என்பது எபிரேய ஹன்னா, ஹனான் என்ற அதே வேர், அருள் என்றே பொருள். கிரேக்கம் அங்கேயும் ஹகரத்தை உதிர்த்துவிட்டது, தமிழில் அது அன்னத்தோடு போய் ஒட்டிக்கொண்டு வேறு அழகு பெற்றது. கோலாலம்பூர் புக்கிட் நானாசில் நற்செய்தியாளர் யோவான் பேராலயம், உங்கள் ஊரில் அன்னம்மாள் ஆலயம், வேரைப் பார்த்தால் இரண்டும் அருள். யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய ஹன்னிபாலும் இந்தக் கூட்டம்தான், அவனுக்கு அருள் செய்தது மட்டும் பாஅல் என்ற வேறு சாமி.

கேள்வி: எங்கள் அலுவலகச் சீன நண்பர் பெயர் யோக் ஹோன். சீனத்தில் ஜானை அப்படித்தான் சொல்வார்கள் என்று கேள்வி. அவர் கிறிஸ்தவரா என்று எப்படிக் கேட்பது?
– வாசகர், செராஸ்

பதில்: கேட்காதீர்கள். சீன பைபிளில் யோவானை எழுத இரண்டு எழுத்து, மாண்டரினில் யுவேஹான் என்றும் கான்டனீசில் ஏறக்குறைய யோக் ஹோன் என்றும் படிப்பார்கள், அது உண்மை. ஆனால் அதே ஓசைக்கு வேறு எழுத்துகள் எத்தனையோ உண்டு. அவர் பெயரை எந்த எழுத்தில் எழுதுகிறார் என்று கேளுங்கள், சந்தோஷமாக எழுதிக் காட்டுவார்.

கேள்வி: என் பெயர் ஜாக்சன், அப்பா ஜான்சன், தாத்தா யோவான். மகனுக்கு என்ன வைக்கலாம்?
– ஜாக்சன், கிள்ளான் சாலை

பதில்: ஜாக் என்பது ஜானின் செல்லப் பெயர், ஆகவே உங்கள் பெயருக்கும் ஜானின் மகன் என்றே பொருள், அப்பா பெயருக்கும் அதே பொருள், தாத்தா ஜானேதான். மூன்று தலைமுறையாக ஒரே பெயரைச் சுற்றி வந்திருக்கிறீர்கள். இந்தத் தடவை மனைவியைக் கேளுங்கள்.